அடித்து ஆடுவதா, அடைத்து ஆடுவதா? கேரம் பார்க்க வரும் பிள்ளைகளுக்கு

ராயபுரம் பனைமரத்தொட்டியில் தொடங்கி காசிமேடு, புதுவண்ணாரப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் வரைக்கும் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் ஒரு கேரம் போர்டு கண்ணில் படும். ஷிப்ட் முடிந்து வந்தவர், கடலுக்குப் போய்த் திரும்பினவர், கன்டெய்னர் லாரியை வரிசையில் போட்டுவிட்டு இறங்கி வந்தவர் என்று அதைச் சுற்றி எப்போதும் ஆள் நிற்கும். இப்போது அந்தக் கூட்டத்தில் புதுமுகங்கள் நிறைய. 2018இல் ‘வடசென்னை’ படம் வந்தபோது கொஞ்சம் பேர் வந்தார்கள். 2024 நவம்பரில் புதுவண்ணாரப்பேட்டை ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கி வந்த பிறகு இன்னும் அதிகம் பேர் வருகிறார்கள். வந்து நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: “தாத்தா, அவர் ஏன் காயைப் போடாம தள்ளித் தள்ளி வைக்கிறாரு? போர் அடிக்குதே!”

போர் அடிக்கிற ஆட்டம் அதில்லை. பார்க்கத் தெரிந்துகொண்டால், அடித்து ஆடுவதைவிட அடைத்து ஆடுவதில்தான் ருசி அதிகம். அதைப் பார்க்கக் கற்றுக்கொடுக்கவே இதை எழுதுகிறேன். தம்பி என்று எழுதினாலும் தங்கச்சிகளுக்கும் சேர்த்துத்தான்.

1. முதலில் காயை எண்ணு.

போர்டுக்குப் பக்கத்தில் வந்ததும் யார் நன்றாக ஆடுகிறார் என்று பார்க்காதே. பலகை மேல் எத்தனை வெள்ளை, எத்தனை கருப்பு, ரெட் இருக்கிறதா போய்விட்டதா, அதை மட்டும் பார். வெள்ளை ஒன்பது, கருப்பு ஒன்பது, ரெட் ஒன்று. தன் காயை முதலில் முடிப்பவருக்கு, எதிராளியின் காய் எத்தனை மிச்சம் இருக்கிறதோ அத்தனை பாயிண்ட். ரெட்டைப் போட்டு, உடனே தன் காய் ஒன்றை ஃபாலோவாகவும் போட்டவர் அவரே என்றால் கூட மூன்று. அந்த மூன்றும் 21 பாயிண்ட் வரைக்கும்தான். 22க்கு வந்தவருக்கு ரெட்டால் பாயிண்ட் ஏறாது. 25 பாயிண்ட் அல்லது எட்டு போர்டு, எது முதலில் வருகிறதோ அதோடு கேம் முடிந்தது.

இந்தக் கணக்கு மனதில் இல்லாமல் பார்த்தால் காய் விழுகிற சத்தம்தான் காதில் விழும். கணக்கு இருந்தால், 22இல் இருப்பவர் எதிரில் இருக்கிற ரெட்டை ஏன் தொடாமல் விடுகிறார், 15இல் இருப்பவர் அதே ரெட்டுக்காக ஏன் உயிரை விடுகிறார் என்பது தானாகப் புரியும்.

2. ஸ்லாமுக்குக் கை தட்டு. ஆனால் அதைத்தான் ஆட்டம் என்று நினைத்துக்கொள்ளாதே.

பிரேக் அடித்தவர் முதல் கையிலேயே ஒன்பது வெள்ளையையும் ரெட்டையும் போட்டு முடித்தால் ஒயிட் ஸ்லாம். அடுத்தவர் தன் முதல் கையிலேயே கருப்பையும் ரெட்டையும் முடித்தால் பிளாக் ஸ்லாம். பெரிய போட்டிகளில் இதைத் தனியாகக் கணக்கு வைத்துச் சொல்வார்கள். அந்தக் கைத்திறனுக்கு வணக்கம் வைக்க வேண்டியதுதான். ஸ்டிரைக்கர் எவ்வளவு தூரம் போய் எங்கே நிற்க வேண்டும் என்று ஒவ்வொரு அடியிலும் அடுத்த அடிக்குக் கணக்குப் போட்டவரால்தான் அது முடியும்.

ஒயிட் ஸ்லாம் நடக்கும்போது எதிரில் இருப்பவரின் கையைப் பார். மடியில் இருக்கும். அவர் ஸ்டிரைக்கரைத் தொடக்கூட இல்லை. ஃபுட்பாலில் எவ்வளவு வேகமாகத் தாக்கினாலும் நடுவே ஒரு கோலி நிற்பார். ஹாக்கியிலும் அப்படித்தான். கேரமில் சுத்தமான தாக்குதல் என்றால் அது ஒற்றை ஆள் ஆடுவது. அங்கே ஒருவருடைய திறமையைப் பார்க்கிறோம், இரண்டு பேர் மோதுவதைப் பார்க்கவில்லை. தாக்குகிறவர் ஒருமுறை தவறவிட்டு, அடுத்தவர் எதைத் தடுக்கலாம் என்று பலகையைப் பார்க்கத் தொடங்குகிறாரே, அந்த இடத்தில்தான் ஆட்டம் பிறக்கிறது. என் கட்சி இதுதான், இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

3. கருப்பை ஆடுகிறவரைப் பார்.

பிரேக் யாருக்கோ அவருக்கு வெள்ளை. முதல் தாக்குதல் அவருடையது. கூட்டத்தின் கண்ணும் அவர் மேல்தான் இருக்கும். நீ அடுத்தவரைப் பார். வெள்ளை விழ விழ, கருப்புக்காரரின் கண் மீதமிருக்கிற வெள்ளையின் மேல்தான் ஓடும், தன் காயின் மேல் ஓடாது. எது சுலபம், எது கஷ்டம், எதைக் கெடுத்தால் எல்லாம் கெடும் என்று அவர் அப்போதே முடிவு செய்துகொண்டிருப்பார். அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாலே, தன் கை வந்ததும் என்ன செய்யப்போகிறார் என்பதை நீயும் ஊகிக்கலாம். ஊகித்துப் பார், சரியா தப்பா என்று அடுத்த அடியில் தெரிந்துவிடும். பார்க்கிறவனுக்கு இதைவிட வேறென்ன வேடிக்கை வேண்டும்?

4. அடைப்பது எப்படி என்று தெரிந்துகொள்.

கேரமில் எதிராளியின் காயைக் கையால் பிடிக்க முடியாது, ஆளை மறிக்கவும் முடியாது. தடுப்பவருக்கு இருப்பது ஒரு ஸ்டிரைக்கரும் ஓர் அடியும்தான். அதை வைத்துக்கொண்டு அவர் செய்வது பெரும்பாலும் மூன்று காரியங்கள்.

ஒன்று, தன் காயைப் பாக்கெட் வாயில் கொண்டுபோய் நிறுத்துவது. அவருக்கு அது எப்போது வேண்டுமானாலும் விழும் காய். எதிராளிக்கு வழி அடைப்பு. அவர் தன் காயை அந்தப் பாக்கெட்டில் போடப் பார்த்தால் வாயில் நிற்பதுதான் முதலில் விழும். அது மட்டும் விழுந்தால் பாயிண்டும் அவருக்கில்லை, கையும் போய்விடும்.

இரண்டு, எதிராளியின் காயை அவருடைய பேஸ் லைனுக்குப் பின்னால் தள்ளிவிடுவது. எதிர்ப்பக்கம் கிடக்கும் காயை நேராக அடித்துவிடலாம். தன் மடிக்கடியில் கிடக்கும் காய்தான் கண்டம். எதிர்க் கட்டையில் மோதி ரிட்டர்னில் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கட்டைவிரலால் அடிக்க வேண்டும். கை தேர்ந்தவருக்கும் அங்கே நிச்சயம் கிடையாது.

மூன்று, தன் காயை எதிராளியின் காயோடு ஒட்ட வைப்பது. ஒட்டிக்கிடக்கும் காயை எந்தக் கோணத்தில் அடித்தாலும் இரண்டும் சேர்ந்து எங்கேயோ போகும்.

பல வருஷத்துக்கு முன்னால் காசிமேட்டில் ஒரு ராத்திரி டோர்னமெண்டில் பார்த்த ஒரு போர்டைச் சொல்கிறேன். ஹார்பரில் வின்ச் ஓட்டி ரிட்டயரான பெரியவர் ஒரு பக்கம். அவர் பேரன் வயசில் ஒரு பையன் எதிர்ப்பக்கம். பையன்தான் பிரேக். கட் எல்லாம் கத்தி மாதிரி விழுந்தது. ஆறு வெள்ளை போய், ஏழாவது பாக்கெட் ஓரத்தில் இடித்துத் திரும்பிவிட்டது. மூன்று வெள்ளை மிச்சம். பெரியவருக்கு ஒன்பதும் அப்படியே கிடக்கிறது. ரெட் நடுவில். போர்டு முடிந்தது என்று பாதிப் பேர் டீக்குக் கிளம்பிவிட்டார்கள்.

பெரியவர் எதிரில் ஒரு சுலபமான கருப்பு இருந்தது. அவர் அதைத் தொடவில்லை. வேறொரு கருப்பை மெதுவாக, மிக மெதுவாகத் தட்டினார். அது உருண்டுபோகாமல் வழுக்கிக்கொண்டே போய், வலது பக்கப் பாக்கெட் வாயில் நின்றது. பையனின் ஏழாவது வெள்ளைக்கு இருந்த ஒரே வழி அது. கை மாறியது. பையன் இன்னொரு வெள்ளையைப் போட்டான். இரண்டு மிச்சம். அடுத்ததைப் போட வலது பாக்கெட்டைத்தான் நம்ப வேண்டும். அடித்தான். பெரியவரின் கருப்புதான் விழுந்தது. கையும் போயிற்று.

இப்போது பெரியவர் ஒரு வெள்ளையைக் கட்டையில் மோதவிட்டு, பையனின் பேஸ் லைனுக்குப் பின்னால் கொண்டுபோய்ப் படுக்க வைத்தார். “கட்டை போடுறாருப்பா” என்று யாரோ சலித்துக்கொண்டார்கள். பெரியவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பையன் ரிட்டர்ன் முயற்சி செய்தான், காய் அசைந்து அங்கேயே நின்றது. மறுபடி முயன்றான், ஸ்டிரைக்கரே பாக்கெட்டுக்குள் போனது. ஃபைனுக்கு ஒரு வெள்ளை வெளியே வந்தது. அதன் பிறகு பெரியவர் ஒன்றொன்றாகத் தன் காயைப் போடத் தொடங்கினார். டீக்குப் போனவர்கள் கிளாஸோடு திரும்பி வந்து நின்றார்கள். ரெட்டை எடுத்து, ஃபாலோ போட்டு, கடைசிக் கருப்பை முடித்தபோது பலகையில் மூன்று வெள்ளை கிடந்தது. அந்த போர்டில் அவருக்குக் கிடைத்தது ஆறு பாயிண்ட்: வெள்ளைக்கு மூன்று, ரெட்டுக்கு மூன்று. அந்த ஆறு பாயிண்டுக்கு எழுந்த சத்தத்தை நான் எந்த ஸ்லாமுக்கும் கேட்டதில்லை.

5. தடுப்பதற்கு என்ன விலை கொடுக்கிறார் என்று கவனி.

கனடாவில் டொரண்டோவில் இருக்கும் என் அக்கா மகனுக்கு ஐஸ் ஹாக்கி என்றால் உயிர். வீடியோ காலில் வந்தால் எங்கள் இருவருக்கும் இதே வாக்குவாதம்தான். அவன் தாக்குதல் கட்சி. 1983–84 சீசனில் எட்மன்டன் ஆயிலர்ஸ் 80 ஆட்டத்தில் 446 கோல் போட்டதைச் சொல்லாமல் அவன் போனை வைத்ததில்லை. வேய்ன் கிரெட்ஸ்கி ஆடிய அணி அது. அவன் மூக்கைச் சுளிப்பது 1995இல் கோப்பையை ஜெயித்த நியூ ஜெர்சி டெவில்ஸைப் பற்றி. அவர்கள் பக் என்கிற ரப்பர் வட்டைத் துரத்திக்கொண்டு ஓடமாட்டார்கள். மைதானத்தின் நடுப்பகுதியில் வலை போட்ட மாதிரி நின்றுகொள்வார்கள். வருகிறவன் அங்கேயே மூச்சுத் திணறிப் பக்கை விட்டுவிடுவான். அந்த சீசனில் முதலிடம் பிடித்த டெட்ராய்ட் அணி, இறுதிச் சுற்றில் அவர்களிடம் நாலுக்கு நாலும் தோற்றது. அதைப் பார்த்து மற்ற அணிகளும் அதையே செய்தன. கோல் குறைந்துபோனது, ஜனம் முணுமுணுத்தது. கடைசியில் 2005இல் அந்த அணிகள் ஆடும் லீக் விதியை மாற்றி, நடுக்கோட்டைத் தாண்டி நீளமாகப் பாஸ் கொடுக்கலாம் என்று வழி திறந்துவிட்டது.

அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அந்த விதியை மாற்றியது சரிதான். ஏனென்றால் அங்கே அணைகட்டி நிற்கிறவன் அதற்காக எதையும் இழப்பதில்லை. பக் யாரிடமும் இருக்கலாம், நேரம் தன்பாட்டுக்கு ஓடுகிறது, நிற்கிறவனுக்கு நஷ்டமில்லை. கேரமில் அப்படியில்லை தம்பி. காயைப் போட்டால் கை தொடரும். அடைத்தால் கை போய்விடும். ஒவ்வொரு தடுப்புக்கும் தன் முறையை எதிராளியிடம் ஒப்படைக்க வேண்டும். “இந்தா, ஸ்டிரைக்கரை வைத்துக்கொள், உன்னால் முடிந்ததைச் செய்” என்று சொல்லிவிட்டுக் கைகட்டி உட்கார வேண்டும். தாக்குகிறவனைவிட அதிகத் துணிச்சல் வேண்டிய வேலை அது. பார்க்கிறவனுக்கு வயிற்றில் பட்டாம்பூச்சி பறப்பது அதனால்தான்.

ஐஸ் ஹாக்கி நமக்கு அந்நியம் என்றும் நினைக்காதே. லடாக்கில் உறைந்துபோன குளங்களில் ஆடிப் பழகிய பெண்களை நம்பி நிற்கிற இந்திய அணி, 2025இல் அமீரகத்தில் நடந்த ஆசியக் கோப்பையில் வெண்கலம் வாங்கியது. கிடைத்தால் அதையும் பார். பக்கை விட்டுவிட்டு, பக் போகப்போகிற இடத்தில் யார் முன்கூட்டிப் போய் நிற்கிறார்கள் என்று பார்.

6. நேரம் கடத்துவதையும் தடுப்பதையும் ஒன்றாக்காதே.

எல்லா மெதுவான ஆட்டமும் நல்ல ஆட்டம் இல்லை. முன்னிலையில் இருக்கிறார், எட்டு போர்டு முடிந்தால் போதும் என்று காயை ஓரத்தில் உரசிக்கொண்டே இருப்பவர் உண்டு. அதை நான் ஆதரிக்க மாட்டேன். வித்தியாசம் கண்டுபிடிக்க ஒரே ஒரு சோதனை இருக்கிறது. அவர் அடித்த பிறகு எதிராளிக்குக் கஷ்டமானதோடு, தனக்கும் ஏதாவது சுலபமானதா? ஆகியிருந்தால் அது தடுப்பாட்டம். அடுத்த தாக்குதலுக்கு அஸ்திவாரம் போடுகிறார். இரண்டு பேருக்கும் பலகை கெட்டுப்போயிருந்தால் அவர் ஆட்டத்தைக் கொல்கிறார். அங்கே நிற்காதே, அடுத்த போர்டுக்குப் போ.

7. நம்ம ஊர் பாக்ஸிங்கை நினைத்துப் பார்.

ராயபுரம் பக்கம் வீட்டில் வயசானவர்கள் இருந்தால் சார்பட்டா, இடியாப்ப நாயக்கர் பரம்பரைப் பேச்சைக் கேட்டு வளர்ந்திருப்பாய். அவர்கள் பேசும்போது குத்தைப் பற்றி எவ்வளவு சொல்வார்களோ அவ்வளவு காலையும் கார்டையும் பற்றிச் சொல்வார்கள். 1980இல் முகமது அலி நம்ம சென்னைக்கே வந்து, நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிக் குத்துச்சண்டை போட்டார். எம்.ஜி.ஆர் முதலமைச்சராக இருந்த காலம். அந்த அலியின் சண்டைகளில் உலகம் இன்றைக்கும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பது எது? 1974இல் ஜயர் நாட்டில் ஜார்ஜ் ஃபோர்மனோடு போட்டது. அதில் பெரும்பாலான நேரம் அலி கயிற்றில் சாய்ந்துகொண்டு, கையால் முகத்தை மூடி, அடியை வாங்கிக்கொண்டே இருந்தார். ஃபோர்மன் அடித்து அடித்தே களைத்துப்போனார். எட்டாவது ரவுண்டில் அலி அவரைச் சாய்த்தார். அந்த ஏழு ரவுண்டு இல்லாமல் எட்டாவது ரவுண்டை மட்டும் வெட்டிப் போட்டுக் காட்டினால் உனக்கு ஒன்றும் தோன்றாது.

8. நிற்கும் இடம்.

அடிப்பவருக்கு நேர் எதிரில் நிற்காதே. அவர் கண்ணில் படுவாய், உனக்கும் கோணம் தெரியாது. அவர் தோளுக்குப் பின்னால், சற்றுத் தள்ளி நில். அவர் பார்க்கிற கோடுதான் உனக்கும் தெரிய வேண்டும். பலகை மேல் நிழல் விழாமல் பார்த்துக்கொள். போர்டின் மேல் சாயாதே, பவுடரைத் தொடாதே. அடி போகும் வரை வாய் திறக்காதே.

9. கட்டை போடுகிறார் என்று கத்தாதே.

இதைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். தடுத்து ஆடுகிறவரைப் பார்த்துக் கூச்சல் போடுவது நம்ம பக்கத்தில் ஒரு பழக்கமாகிவிட்டது. சின்னப் பிள்ளைகள் ஆடும்போது இது பெரிய கெடுதல். கூட்டத்துக்குப் பயந்து எல்லாக் காயையும் அடித்துப் போடப் பார்க்கிற பிள்ளை, தெரு போட்டியில் ஜெயிக்கும். மாநிலப் போட்டிக்குப் போனதும் உட்கார்ந்துவிடும். அங்கே எதிரில் இருப்பவரும் ஸ்லாம் போடத் தெரிந்தவர்தானே. தவறவிட்ட பிறகு என்ன செய்வது என்று தெரிந்தவர்தான் அங்கே மிஞ்சுவார்.

இந்த ஆட்டத்தில் நம்ம ஊருக்கு இருக்கிற பேரை நினைத்துப் பார். சர்வதேச கேரம் சம்மேளனம் 1988இல் உருவானது சென்னையில். இரண்டு முறை உலகச் சாம்பியனாகி, கேரமுக்காக 1996ஆம் ஆண்டு அர்ஜுனா விருது வாங்கிய மரிய இருதயம் சென்னைக்காரர். 2008இல் பிரான்ஸின் கான் நகரில் உலகப் பட்டம் வாங்கிய இளவழகி வியாசர்பாடிப் பெண். இப்போது காசிமா. இப்படி ஆட்கள் வந்த இடத்தில் நின்று பார்க்கிற கூட்டத்துக்கும் ஒரு தரம் வேண்டாமா? நல்ல அடைப்பு ஒன்று விழுந்தால் காய் விழுந்ததற்குத் தட்டுகிற மாதிரியே கை தட்டு. நாலு பேர் தட்டினால் அந்தப் பிள்ளைக்குத் தான் செய்தது சரி என்று புரியும்.

10. ஸ்கோர் எழுதக் கேள்.

ஞாயிற்றுக்கிழமை போட்டிகளில் ஸ்கோர் எழுத ஆள் கிடைக்காமல் திண்டாடுவார்கள். கொஞ்சம் முன்னதாகவே போய், “நான் எழுதறேன்ணா” என்று சொல். பேப்பரும் பேனாவும் கொடுத்து போர்டுக்குப் பக்கத்திலேயே உட்கார வைப்பார்கள். யார் ரெட் போட்டார், யாருக்கு ஃபைன், யாருக்கு எத்தனை காய் மிச்சம் என்று ஒவ்வொரு அடிக்கும் நீ கவனித்தே ஆக வேண்டும். அந்தப் பேப்பரின் ஓரத்தில் உனக்கென்று இன்னொரு கோடு போட்டுக்கொள். யாராவது அடைத்து ஆடி, அதனால் கை திரும்பி வந்தால் அங்கே ஒரு புள்ளி வை. சாயந்திரம் போட்டி முடிந்ததும் கோப்பை வாங்கினவர் பக்கத்தில் எத்தனை புள்ளி இருக்கிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டு என்னிடம் வா, பேசலாம்.